பக்கெட்டு எடுத்துனு வா

பேஜ் போட்ட மூணாவது நாளே எல்லாம் சொதப்பிடுச்சு. கல்பனாக்கா சுங்குவார்சத்திரத்துல, கம்பெனி வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு லேடீஸ் ஹாஸ்டல் நடத்துது. நான் எதிர் ஜெராக்ஸ் கடையில வேல பாத்துக்கிட்டே நடுநடுவுல வெப்சைட்டுக்கு எழுதித் தர்றவ. இதையும் அப்படித்தான் டைப் பண்றேன், ஒருத்தர் ஆதாரை நீட்டிக்கிட்டு நிக்கிறார். ஹாஸ்டல்ல பாதி கட்டில் காலி. ஆடி முடியறதுக்குள்ள ரொம்பலன்னா பில்டிங்க குடோனுக்கு வுட்டுடுவேன்னு ஓனர் சொல்லிட்டாரு. நான்தான் அக்காவுக்கு தைரியம் சொல்லி, ஹாஸ்டலுக்கு ஆள் சேக்க நெட்டுல ஒரு பேஜ் எழுதினேன். நெறைய பேர் திறந்தாங்க, திறந்த வேகத்துல ஓடிட்டாங்க. என்னை மாதிரி எழுதிப் பொழைக்கிறவங்களே, இந்தத் தொழில்ல எழுதுறது கஷ்டமே இல்ல, எந்த வரியில ஓடினாங்கன்னு கண்டுபுடிக்கிறதுதான் கஷ்டம்.

அக்கா கடை வாசல்ல வந்து நின்னுச்சு. "அத்தினி பேரு வந்தாங்கன்ற, கட்டிலு காலியா கீது. வந்தவளுங்கல்லாம் இன்னா ஆவியா?"

அமைதியான சூழல்

முதல் வரி, "அமைதியான, இயற்கையான சூழல்." ரெண்டு நாள் யோசிச்சு எழுதினது. கம்பெனி பஸ் ஹாஸ்டல் வாசல்லயே நிக்கும், அத மட்டும் எழுதல. ஒரே ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. அக்கா என்னையும் கேக்க வெக்க ஸ்பீக்கர்ல போட்டுச்சு.

"அமைதின்னு போட்டுருக்கீங்க, அப்போ பஸ்ஸுக்கு ரொம்ப தூரம் நடக்கணுமா?"

யாரு வீட்டுச் சாப்பாடு

சரின்னு சூழலத் தூக்கிட்டு "வீட்டுச் சாப்பாடு"ன்னு மேல ஏத்தினேன். ஹாஸ்டல்ல ஏற்கனவே தங்கியிருக்கிற முத்துலட்சுமிக்கு காட்டினேன். தென்காசிப் பக்கத்துப் பொண்ணு, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைன்ல வேல. ரெண்டு தடவ படிச்சா.

"ஏட்டி, வீட்டுச் சாப்பாடுன்னா யாரு வீட்டுச் சாப்பாடு? எங்க வீட்ல தேங்கா அரைக்காம கொழம்பே வைக்க மாட்டாவ."

வேகமான உலகம்

மனசு கேக்கல. பஸ்ல போறப்போ முழுசா படிச்சுட்டு சொல்லுன்னு அவகிட்டயே கெஞ்சினேன். கம்பெனிக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது, கேட்ல லாக்கர்ல வெச்சிடணும். அவளுக்குப் படிக்கக் கெடைக்கிறது அந்த பஸ் நேரம் மட்டும்தான், அதுலயும் பாதி அம்மாகிட்ட பேசப் போயிடும். என் பேஜோ "இன்றைய வேகமான உலகில்"னு ஆரம்பிச்சு மூணு பத்தி முன்னுரை. சாயங்காலம் வந்து சொன்னா:

"ஒன் வேகமான உலகம் முடியறதுக்குள்ள கேட் வந்துட்டு, போன உள்ள வச்சிட்டேன்."

அக்கா பேசினது

அன்னிக்கு இன்னொரு போன். அக்கா சோத்துப் பானைய எறக்கிக்கிட்டே பேசுச்சு: "பஸ்ஸு வாசல்லியே நிக்கும். பி ஷிஃப்ட் முடிஞ்சி ராத்திரி எந்நேரம் வந்தாலும் சோறு மூடி வெச்சிருப்பேன். தண்ணி மட்டும் காலைல எட்டோட நின்னுடும், இப்பவே சொல்லிட்டேன். பக்கெட்டு எடுத்துனு வா."

எனக்கு கை பரபரன்னுச்சு. பழசெல்லாம் அழிச்சுட்டு இந்த நாலு வரிய அப்படியே போட்டேன். அக்கா பாத்துட்டு ரெண்டு நாள் என்கிட்ட பேசல. தண்ணி நிக்கிறதப் போயி ஊருக்கே சொல்லிட்டேனாம். மூணாவது நாள் தண்டலத்துலேர்ந்து ஒரு பொண்ணு புது பக்கெட்டோட வாசல்ல வந்து நின்னுச்சு.

"தண்ணி நிக்கும்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்போ சோறும் நெஜமாத்தான் இருக்கும்னு வந்தேன்."

ஆடி கடைசி

ஓனர் குடோன்காரரையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. நான் கடைய அப்படியே வுட்டுட்டு எதிர்ல ஓடினேன். வாசல்லேர்ந்து மாடிப்படி வரைக்கும் செருப்பு, செவுரு ஓரமா வரிசையா பக்கெட்டு. ஓனர் ஒரு கால் செருப்பக் கழட்டிட்டு, கீழ பாத்துக்கிட்டே நின்னாரு.

"ஏம்மா கல்பனா, நான் இத எங்க வுடறது?"

ரெண்டு நாள் யோசிச்சு நான் எழுதின சூழலுக்கு ஒருத்தரும் வரல, சோறு வடிச்சுக்கிட்டே அக்கா சொன்ன பக்கெட்டுக்கு ஹாஸ்டலே ரொம்பிடுச்சு.