காலிப் பட்டியல்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘கூப்பிடறேன் மேடம்’. எதைக் கேட்டாலும் நம்மைப் பக்கத்தில் நிற்க விடமாட்டார். “நீங்க போய் வேலையப் பாருங்க, முடிஞ்சதும் கூப்பிடறேன்” என்பார். சொன்னபடியே கூப்பிடுவார். பதினோரு வருடமாக எதிரெதிரே உட்காருகிறோம். அவரிடம் நான் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளும் குணம் இது ஒன்றுதான்.

அவர் எழுதும் நிரல்களும் அதே வழிதான். நாங்கள் பார்த்துக்கொள்வது ஒரு மருத்துவப் பரிசோதனைக்கூடத்தின் இணையதளம். ஒரு நோயாளி முடிவைக் கேட்டால், டேட்டாபேஸ் அதைத் தேடி எடுக்கும்வரை சர்வர் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது. “கிடைத்ததும் இதைக் கூப்பிடு” என்று ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு சிறு நிரல் துண்டை, கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடும். அதற்குத்தான் கால்பேக் என்று பெயர். அதைக் கூப்பிட்டால்தான் நோயாளியின் திரையில் பதில் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய புதிய நிரல் ஓடத் தொடங்கியது. பத்தரை மணிக்கு அவருடைய அக்காவிடமிருந்து போன். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவர். அக்காவின் கழுத்துக் கட்டியிலிருந்து பரிசோதனைக்கு எடுத்த சதைக்கு அன்றுதான் முடிவு வர வேண்டும். அவருடைய குரல் எதிர் மேசைவரை கேட்டது.

“ஏய், உன் வெப்சைட் பக்கம் ஒரு மணி நேரமா ‘பார்த்துச் சொல்கிறோம்’னு சுத்திக்கிட்டே இருக்குடி. இங்க நர்ஸுக்கு சர்க்கரை ஜாஸ்தின்னு உடனே வந்துடுச்சு. எனக்கு மட்டும் ஏன் வரல? சொல்ல முடியாத அளவுக்கு மோசமா?”

“கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாதுக்கா.”

“ஆளுங்கள உட்கார வச்சே இருபது வருஷம் சம்பளம் வாங்கினேன். இப்ப என்னையே உட்கார வச்சிட்ட.”

“பார்த்துட்டுக் கூப்பிடறேன்.”

“அதத்தானேடி உன் பக்கமும் சொல்லுது!”

மேடம் போனை வைத்தார். சர்வர் பதிவுகளைத் திறந்தார். அக்காவைப் போல நாற்பத்தோரு பேர் காத்திருந்தார்கள். நிரல், மருத்துவர் எழுதிய குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசிக் குறிப்பு முடிந்ததும் கால்பேக்கைக் கூப்பிடும். கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால்தான் மருத்துவர் குறிப்பே எழுதுவார். காத்திருந்த நாற்பத்தோரு பேருக்கும் குறிப்புகள் பூஜ்யம். பட்டியல் காலி, கடைசி என்று ஒன்று அதில் இல்லை. அதனால் கால்பேக்கைக் கூப்பிட ஆளில்லை.

“சோதனையில எப்படித் தப்பிச்சுது?” என்றேன்.

சோதனைக்காக அவரே கற்பனையில் உருவாக்கிய பன்னிரண்டு நோயாளிகளைக் காட்டினார். சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு என்று ஆளுக்கொரு கோளாறு.

“ஒருத்தரையாவது நல்லா வைக்கத் தோணலையே எனக்கு.”

“கடவுள் வேலை உங்களுக்கு ஒத்துவராது மேடம்.”

சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். அக்காவும் அந்தப் பூஜ்யங்களில் ஒருவர் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

“அக்காகிட்ட இப்பவே சொல்லிடுங்களேன்” என்றேன்.

“டாக்டர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் சொல்லட்டும். அடைச்ச வழியத் திறக்கறதுதான் என் வேலை.”

பட்டியல் காலியாக இருந்தால் அங்கேயே கால்பேக்கைக் கூப்பிட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தார். பதின்மூன்றாவதாக ஒரு நோயாளியை உருவாக்கினார், ஒரு குறையும் இல்லாமல். சொடுக்கியதும் பதில் வந்தது. திருத்தத்தைச் சர்வரில் ஏற்றிவிட்டு, சொன்னபடியே கூப்பிட்டார்.

“அக்கா, பக்கத்த மறுபடி திற.”

மறுமுனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம். பிறகு, நீண்ட மூச்சு ஒன்று.

“‘குறிப்பு எதுவும் இல்லை’ன்னு போட்டிருக்குடி. டாக்டர் கையெழுத்தும் இருக்கு. இதுக்கா இவ்வளவு நேரம்?”

“இதுக்குத்தான்கா இவ்வளவு நேரம்.” மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, வை போன. இங்க மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க.”