இரண்டு வயதில் இறந்த மணமகள்

1996 ஜூன் 16, ஞாயிறு. ஆறு பத்துக்கு எழுந்து, சன்னல் கண்ணாடிகளின் உள்பக்கம் படிந்திருந்த ஈரத்தைப் பழைய துண்டால் துடைத்தேன். ஆக்லாந்தில் ஜூன் மாதம் குளிர்காலம்; எங்கள் வீட்டில் இதுதான் முதல் வேலை. எட்டரைக்குத் துணி உலர்த்தினேன். ஒன்பதுக்கு மழை, உள்ளே எடுத்தேன். பத்துக்கு வெயில், மறுபடி வெளியே. பதினொன்றுக்குப் பக்கத்து வீட்டு அம்மையார் கொடுத்த காகிதக் கோப்பைத் திறந்தேன்.

அவர் அமெரிக்கர், எழுபதைத் தாண்டியவர். ஆக்லாந்துக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். கணவர் இப்போது இல்லை. அம்மையாரின் தாய்வழி மூதாதை ஒருத்தி, ஜெர்மனியிலிருந்து கப்பலேறிப் போனவர்களுக்கு மகளாக, இருநூறு வருடங்களுக்கும் முன் பென்சில்வேனியாவில் பிறந்தவள். அங்கிருக்கும் தூரத்து உறவினர் ஒருவர் குடும்ப வரலாற்றை அச்சிடப் போகிறார். அவளிலிருந்து இறங்கும் வம்சப் படம் திங்கட்கிழமைத் தபாலில் போகாவிட்டால் அம்மையாரின் கிளை புத்தகத்தில் இராது. அவருக்குக் கண் மங்கிவிட்டது. பென்ரோஸ் கிடங்கில் சரக்குப் பதிவேடு பார்ப்பவன் தப்புச் செய்யமாட்டான் என்று நம்பி, படத்தை என்னிடம் கொடுத்திருந்தார்.

படம் முடிந்திருந்தது. தேவாலயப் பதிவேட்டு நகல்களோடு கடைசியாக ஒருமுறை சரிபார்த்தபோதுதான் அந்த அடக்கக் குறிப்பைக் கண்டேன். அந்த மூதாதையின் அதே பெயர், அதே அப்பா, அதே அம்மா. வயது இரண்டு.

இரண்டு வயதில் புதைத்த பிள்ளைக்குப் பதினெட்டு வருடம் கழித்துக் கல்யாணப் பதிவு எப்படி வரும்? நான்கு முறை படித்தேன். மணமகள் வேறு யாரோ என்றுதான் தோன்றியது. படத்தில் அவளிலிருந்து இறங்கிய கோட்டைச் சிவப்பு மையால் அடித்தேன்.

“வெள்ளைக்காரங்களோட பூட்டியைத் தேடுறீங்க,” என்றாள் மனைவி. “உங்க தாத்தாவோட அப்பா பேர் என்னன்னு கேட்டா முழிப்பீங்க.”

“ஒருவேளை அடுத்த பிள்ளைக்கும் அதே பேர வச்சிருப்பாங்களோ?”

“செத்த புள்ள பேரயா? உங்களுக்கு என்னலா ஆச்சு?”

எனக்கும் அப்படித்தான் பட்டது. எனக்கு முன் பிறந்து ஒரு வயதில் இறந்த அண்ணனின் பெயரை அம்மா கடைசிவரை வாய்விட்டுச் சொல்லவில்லை. மலேசியாவில், ஈப்போவில், எங்கள் பால்காரருக்கும் அதே பெயர். அவரை அம்மா ‘பால்காரரே’ என்றே கூப்பிட்டார்.

நான்கு மணிக்குக் கோப்போடு அம்மையார் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மையார் சிவப்புக் கோட்டை விரலால் தடவினார்.

“அப்படியானால் நாங்கள் யாரிடமிருந்து வந்தோம்?”

பிறகு அவரே, “இதே பெயரில் இன்னொரு ஞானஸ்நானம் இருந்ததா?” என்று கேட்டார்.

“இருந்தது. இரட்டைப் பிரதி என்று ஒதுக்கிவிட்டேன்.”

“தேதி?”

எடுத்துப் பார்த்தேன். குழந்தையை அடக்கம் செய்து பதினோரு மாதம் கழித்து. ஓரத்தில் என் கையெழுத்திலேயே, ‘தேதி மாறியுள்ளது, எழுத்தர் பிழை’ என்று இருந்தது. கிடங்கில் ஒரே பொருள் இரண்டு முறை பதிவானால் ஒன்றை அடித்துவிடுவோம். அதையே இங்கும் செய்திருக்கிறேன்.

“அந்தக் காலத்தில் எங்களவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். ஒன்று போனால் அடுத்ததற்கு அதே பெயர்,” என்று சிரித்தார். “ஒரு நொடியில் என்னை அநாதையாக்கிவிட்டாயே, மனிதா!”

நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பிய பிறகும் குழப்பம் தீரவில்லை. சாப்பிட வா என்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அந்தத் தாயின் மனதில் வந்தது எந்தப் பிள்ளை? பெயரைச் சொன்னவளுக்குத் துக்கம் குறைந்ததா, சொல்லாத என் அம்மாவுக்கா? எதையும் உறுதியாக எழுத முடியாமல் நாட்குறிப்பை மூடினேன்.

மறுநாள் காலை சன்னல்களைத் துடைக்கவில்லை. முதல் வேலையாகப் புதுத் தாள் எடுத்து, ஒரே பெயருக்கு இரண்டு கட்டங்கள் வரைந்தேன். முதல் கட்டத்திலிருந்து கீழே எந்தக் கோடும் இறங்கவில்லை. அதிலும் பெயரை முழுதாக எழுதினேன்.