பெரட்டில் அம்மாவின் பெயர்

வீரமுத்து தினமும் சிகாமட் டவுனுக்கு நடந்து போய் இங்கிலீஷில் ஏழாவது வரை படித்தவன். மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவ்வளவு படித்தது அவன் ஒருவன்தான். நான் காளியம்மா, அவன் பக்கத்து வீட்டுக்காரி. வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திப் புல் பிடுங்க அனுப்பிவிட்டார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் உண்டு, மறைக்க மாட்டேன்.

படிப்பு முடிந்து ஒன்றரை வருஷம் வேலைக்கு அலைந்தான். ரயில் ஸ்டேஷனில் ஆள் வேண்டாம் என்றார்கள். கடைகளில் அவரவர் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டார்கள். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலையெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கே போனது.

"படிச்சுக் கிழிச்சது போதும், பால் கத்திய எடு" என்று கங்காணி கேலி செய்வார். அவன் அம்மா பேச்சியம்மாள், புருஷன் காய்ச்சலில் போன பிறகு, ஒற்றை ஆளாய் மரம் சீவிப் பால் எடுத்து அவனைப் படிக்கவைத்தவள். கத்தியை மட்டும் அவனைத் தொட விடவே இல்லை.

1936இல் ஒருவழியாகத் தோட்டத்து ஆபீசிலேயே ஒரு மாதம் சோதனை வேலை கிடைத்தது. விடியற்காலையில் ஆட்கள் வரிசையாக நிற்கும் பெரட்டில் பேர் கூப்பிட வேண்டும். அவரவர் "வந்தேன் ஐயா" என்றதும் புத்தகத்தில் குறிக்க வேண்டும். இதுக்கா ஏழாவது என்று நான்கூடச் சிரித்தேன்.

முதல் நாள் வெள்ளைச் சட்டையோடு லாந்தர் வெளிச்சத்தில் நின்று கணீரென்று கூப்பிட்டான். பேச்சியம்மாள் முறை வந்தது. வாய் திறந்தது, பேர் வரவில்லை. பெற்றவளை அத்தனை பேர் முன்னால் பேர் சொல்லி எப்படிக் கூப்பிடுவான்? நைசாகக் குறித்துவிட்டு அடுத்த பேருக்குத் தாவினான். மேற்பார்க்க வந்திருந்த பெரிய கிராணி பிடித்துக்கொண்டார்.

"கூப்புடாமலே வந்ததா போடுறியா? நாளைக்கு ஆள் இல்லாத பேருக்கும் இப்படித்தான் போடுவ, இல்ல?"

"இல்லீங்க ஐயா... அவங்க எங்க அம்மா."

"பெரட்டுல அம்மாவும் இல்ல, ஆத்தாளும் இல்ல. நாளைக்கும் விட்டீன்னா நீ வீட்டுக்குப் போலாம்."

புத்தகத்தில் பேச்சியம்மாள் பேரை அடித்துவிட்டார். அன்று அவளுக்கு வேலை இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"எங்க, என் பேரச் சொல்லு பாப்போம்."

"அம்மா..."

"அது வீட்டுல. பெரட்டுல நான் பேச்சியம்மா. சொல்லுடா."

அவன் சொல்லவில்லை. சொல்லித் தொலையேண்டா என்று கத்த வேண்டும்போல் எனக்கு வந்தது.

மறுநாள் பெரிய கிராணி கையைக் கட்டிக்கொண்டு அவன் பக்கத்திலேயே நின்றார். அவள் முறை வந்தது.

"பேச்சியம்மாள்."

எல்லோருக்கும் கேட்டது.

"வந்தேன் ஐயா" என்றாள், எங்களைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு.

பேர் சொல்வதைப் பற்றியே முந்தின நாள் முழுக்க யோசித்தோம். பெற்ற பிள்ளையை ஐயா என்கிற இந்தப் பதிலை யாரும் யோசிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன். அவன் படிப்பின்மேல் எனக்கிருந்த பொறாமை அந்த நிமிஷத்தோடு போய்விட்டது.

மாதம் முடிந்து வேலை நிலைத்தது. எனக்கு மறக்காதது அவன் அம்மா பேரைச் சொன்ன அன்றைய சாயங்காலம்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் "அம்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "அம்மா." இப்படி ஏழெட்டுத் தடவை. கேட்க அவனுக்கு ஒன்றும் இல்லை. அவளும் ஒவ்வொரு தடவையும் "என்னடா" என்றாள்.