மூன்றாவது படம்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஜியாவுல்லா தம் ஆம்பூர் அலுவலகத்தில் முதன்முதலாக இவாஞ்சலின் டீச்சரைப் பார்த்தபோது, டீச்சர் கண்களைத் திறந்தபடியே ஜெபித்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கணினித் திரைக்கு வலப்பக்கம் வைத்திருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. தம் தோல் ஏற்றுமதி நிறுவனத்துக்கு வந்திருக்கும் சோதனையைக் கேள்விப்பட்டுத்தான் இந்த அம்மாள் இப்படி உருகுகிறார் போலும் என்று ஜியாவுல்லாவுக்கு நெஞ்சு இளகியது.

"எங்களுக்காகவா துவா கேக்கறீங்க, டீச்சர்?"

"இல்ல பாய். உங்க வெப்சைட் தொறக்குதான்னு பாக்கறேன். பரமண்டல ஜெபம் முடியறதுக்குள்ள ஒரு பக்கம் வந்துடணும். இது ஆமென் தாண்டியும் வரல."

இணையப் பக்கத்தின் வேகத்தை அளக்க டீச்சரிடம் இருக்கும் ஒரே கருவி அந்த ஜெபம்தான். கடிகாரம் அதற்கு உதவாதாம்; கடிகாரத்தைப் பார்க்கிற கண் பக்கத்தைப் பார்க்காதாம். கணியம்பாடியில் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர் அவர். இப்போது வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையில் ஸ்கூட்டியில் போய்வந்து, தோல் நிறுவனங்களின் இணையதளங்களைப் பராமரிக்கிறார். கணினிக்கு மாறிய பிறகும் ஒரு வரி முடிந்தால் இடக்கை தானாக உயர்ந்து, அங்கே இல்லாத தட்டச்சுப் பொறியின் தண்டை வலப்புறம் தள்ளிவிட்டுத்தான் கீழிறங்கும். தேநீரை ஆறவிட்டு, ஏடு படிந்த பிறகே குடிப்பார். கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு விரலை உயர்த்துவார். அந்த விரல் தாழும்வரை முதலாளியானாலும் பேசக்கூடாது.

ஜியாவுல்லாவுக்கு நேர்ந்த சோதனை உண்மையானதுதான். அவருடைய இணையதளத்தைச் சென்னைக்காரர்கள் அமைத்துக் கொடுத்திருந்தார்கள். கடவுச்சொல் தெரிந்த எவரும் அட்மின் பேனலுக்குள் நுழைந்து படத்தை மாற்றலாம், எழுத்தை மாற்றலாம். யாரேனும் வந்து பார்க்கும்போதெல்லாம் தளம் தன் தரவுக் கிடங்கிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, அந்தக் கணத்தில்தான் பக்கத்தைக் கட்டிக் காட்டும். புதிதாக ஏற்றிய படம் தானாகவே முதலிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மைத்துனர் அஹமது பாஷாவுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. மனத்தில் பட்டபோதெல்லாம் ஒரு படம் ஏற்றினார்.

இத்தாலியில் காலணி செய்யும் முதியவர் ஒருவர் நெடுநாளைய வாடிக்கையாளர். மாதிரித் துண்டு கேட்கும் வழக்கமில்லாதவர். "உங்கள் பக்கத்தில் மூன்றாவதாக இருக்கும் தோல்" என்று ஒரே வரியில் சரக்குக் கேட்டு எழுதியிருந்தார். அவர் பார்த்தபோது மூன்றாவதாக இருந்தது இளம்பழுப்பு. அந்தக் கடிதத்தை ஆம்பூரில் திறந்து படித்தபோது மூன்றாவதாக இருந்தது கரும்பழுப்பு. இடையில் அஹமது பாஷா ஓர் ஆட்டுத்தோல் படத்தை ஏற்றியிருந்தார். எல்லாம் ஓரிடம் கீழே இறங்கிவிட்டன. கரும்பழுப்புச் சாயமேறிய சரக்கு கப்பலில் போயிற்று. கப்பலிலேயே திரும்பியும் வந்தது. குளிர்காலத்துக்கான சரக்கை ஜூன் மாதத்தில் சொல்வதாகவும், மீண்டும் தவறினால் வேறிடம் பார்த்துக்கொள்வதாகவும் முதியவர் எழுதிவிட்டார். டேனரியில் தோல் பதனிடும் டிரம்களில் பாதி அந்த ஒருவரை நம்பித்தான் சுழன்றுகொண்டிருந்தன.

"தோலோட நம்பரப் போட்டு எழுதச் சொல்லி அவருக்கு மெயில் அனுப்பட்டுமா?" என்று கேட்டார் ஜியாவுல்லா.

"பெரியவர மாத்த முடியுமா, பாய்? அவரு மூணாவதுன்னுதான் சொல்லுவாரு. பக்கத்த மாத்திடலாம். முழுசா செஞ்சி, வெச்சது வெச்சபடி இருக்கற சாதாப் பக்கங்களா ஆக்கிடறேன். பேனலே வேணாம்."

"ஊரெல்லாம் முன்னாடி போவுது. நீங்க பின்னாடி போவச் சொல்றீங்க. காசு குடுத்து வாங்கின பேனலு, டீச்சர்."

"ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்லணுமா? தோசைன்னா ஆள் வர வர ஒண்ணொண்ணா ஊத்தணும். கூட்டம் ஜாஸ்தியானா பேஜாருதான். பிரியாணிய ஒரு தடவ தம் ஒடைச்சிட்டா, வந்தவங்களுக்கெல்லாம் அள்ளி வெச்சிக்கினே இருக்கலாம். உங்க சைட்டு தோசை. நான் பிரியாணி ஆக்கறேன்."

"ஆறிப்போச்சின்னா?"

"வருஷம் பூரா உங்க பக்கத்துல ஒரு வார்த்தை மாறல, பாய். வரிசை மட்டுந்தான் மாறிச்சி. அது மாறாம இருக்கறதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டீங்க?"

ஜியாவுல்லா சிரித்துவிட்டார். அஹமது பாஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப எனக்கு ஒரு படம் போடணும்னு தோணிச்சின்னா இன்னா பண்றது, அக்கா?"

"எனக்கு போன் பண்ணுங்க, தம்பி."

"நடு ராத்திரியில தோணிச்சின்னா?"

"காலையிலயும் அது நல்ல யோசனையாவே இருந்தா, அப்ப பண்ணுங்க."

மறுநாளே வேலை தொடங்கியது. ஒவ்வொரு தோலுக்கும் அதன் எண்ணையே பெயராகச் சூட்டித் தனித்தனிப் பக்கம் எழுதினார் டீச்சர். பழைய முகவரியைக் குறித்து வைத்திருப்பவர்கள் வழிதவறாமல் புதிய பக்கத்துக்கு வந்து சேரவும் வழி செய்தார். "வீடு மாறினா, பழைய வாசல்ல புது அட்ரஸ் எழுதி ஒட்டிட்டு வரமாட்டோமா?" என்பது அவர் விளக்கம். எல்லாத் தோல்களையும் சேர்த்துக் காட்டும் முதற்பக்கத்துக்கு வந்தபோதுதான் கைகள் நின்றன. முதியவர் பார்த்த வரிசை எது என்று கேட்டார். ஜியாவுல்லா மைத்துனரைப் பார்த்தார். அஹமது பாஷா தரையைப் பார்த்தார்.

"அந்த ஆட்டுத்தோலு நான் போட்டதுதான், அக்கா."

"திட்டறதுக்கா கேட்டேன்? அது பூந்ததுக்கு முந்தி யாரு யாரு எங்க நின்னாங்க, அதைச் சொல்லுங்க."

அஹமது பாஷா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு எல்லாம் நினைவிலிருந்தன. எந்தப் படத்தை எந்தப் பண்டிகைக்கு முன்னால் ஏற்றினார் என்பதுகூட. அவர் சொல்லச் சொல்ல டீச்சர் அடுக்கினார். இளம்பழுப்பு மூன்றாவதாக வந்து நின்றது. ஆட்டுத்தோல் கடைசிக்குப் போயிற்று.

"புதுசைக் கொண்டுபோய்க் கடைசியில வெக்கறீங்களே! எந்தக் கடையில இப்படி வெப்பாங்க?"

"ரேஷன் கடையில, தம்பி. பின்னாடி வந்தவன் முன்னாடி பூந்தா, அங்க சண்டைதான்."

காவேரிப்பாக்கத்தில் பிரௌசிங் சென்டர் நடத்தும் தங்கை கிருபாவைத் தொலைபேசியில் அழைத்துப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார் டீச்சர். அங்கே தொலைபேசிக் கம்பியில் வரும் இணையம் நத்தையோடு போட்டியிடும். கிருபா அங்கிருந்து ஜெபத்தைச் சத்தமாகவே சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டார். "பாதியிலயே வந்துட்டுதுக்கா. மீதியச் சொல்லணுமா?"

"ஆரம்பிச்சத முடிச்சிடு. நல்லதுதானே."

ஜூன் பிறந்தது. ஜியாவுல்லா நாள்தோறும் பக்கத்தைத் திறந்து, திரையில் விரல் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். தொழுகைக்குப் போகுமுன் ஒருமுறை. வந்த பிறகு ஒருமுறை. டீச்சரையும் தொலைபேசியில் அழைத்துப் பார்க்கச் சொன்னார். மறுமுனையில் அந்தக் குரல் ஒருபோதும் பதறியதில்லை. "நான் வெச்சது வெச்ச எடத்துலதான் இருக்கும், பாய். நீங்க சாப்ட்டீங்களா?"

இத்தாலியக் கடிதம் வந்த காலையில் டீச்சர் வேறு வேலையாக அங்கே இருந்தார். வழக்கம்போல் ஒற்றை வரிதான்: மூன்றாவது. ஆனால், இம்முறை அதையடுத்துத் தோலின் எண்ணும் இருந்தது. முதியவர் படத்தைச் சொடுக்கி அதன் தனிப் பக்கத்துக்குள் போயிருக்கிறார். ஜியாவுல்லா இளம்பழுப்புத் துண்டு ஒன்றை எடுத்துவந்து திரைமேல் வைத்துப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். பிறகு டேனரியை அழைத்து, சாயத்தின் பெயரை இரண்டு முறை சொன்னார். நாற்காலியில் சாய்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு இன்னா வேணும், டீச்சர்? கேளுங்க."

"கிடங்குச் சாவி குடுங்க."

"அங்க அந்தத் திரும்பி வந்த சரக்குதான் கெடக்குது. பாத்தாலே வயிறு எரியுது. நான் அந்தப் பக்கமே போறதில்ல."

"அதான் கேக்கறேன்."

கிடங்கில் தார்ப்பாயை விலக்கி, டீச்சர் ஒரு கரும்பழுப்புத் தோலை உருவி எடுத்தார். புறங்கையால் அதைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "நல்ல தோலு. இது இன்னா பாவம் பண்ணிச்சி? ரெடியா இருக்கற சரக்கு, கேட்ட அன்னிக்கே அனுப்பலாம்னு தனியா ஒரு பக்கம் போட்டுடறேன்" என்று சொல்லிக்கொண்டே, கைப்பையிலிருந்து கேமராவை எடுத்தார். அஹமது பாஷா வெளியே போயிருந்தார். பிடிக்க வேறு ஆளில்லை. வாசலருகே தோலை நீட்டினார் டீச்சர். ஜியாவுல்லா தயங்கி, சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, இரு முனைகளையும் பற்றி நெஞ்சுக்கு நேரே பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க, பாய். வெளிச்சம் படட்டும்."