எண்ணெய் குறையாத கார்

என் பழைய டீசல் காருக்கு எஞ்சின் எண்ணெய் மாற்ற வருடத்தில் மூன்று நாட்களை வைத்திருந்தேன்: தைப்பொங்கல், வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் பொங்கல், ஆயுதபூசை. மல்லாவிச் சந்தியில் வாடகைக்கு ஹயர் ஓடும் எங்களில் பாதிப்பேரின் கணக்கு இதுதான். மூன்று லட்சம் கிலோமீற்றரைத் தாண்டிய பிறகு மீற்றர் நின்றுபோனது. நின்ற மீற்றரைப் பார்த்து எண்ணெய் மாற்ற முடியாது. சாமியின் நாள் தவறுவதில்லை. காருக்கு ஒரு குளிப்பு, ஒரு தேங்காய், புது எண்ணெய். இதைவிட நல்ல முறை உலகத்தில் இல்லை என்று நம்பியிருந்தேன்.

ஜெயபுரத்திலிருந்து ஒரு பெண்ணை வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகத் தொடங்கியது அந்த வருடம்தான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். சிறுநீரகம் பழுதாகி, செவ்வாயும் வெள்ளியும் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு தவணை தவறினால் கால் வீங்கி மூச்சு முட்டும். இரண்டு தவறினால் என்ன ஆகும் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவரோ சிறுநீரக வருத்தம் வரும்வரை லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பிடித்துத் தானே வயல் உழுதவர். கணவருக்கு மாடு தெரியும், எஞ்சின் தெரியாது என்று சொல்லிச் சிரிப்பார்.

என் கார் எண்ணெய் குடிக்கும் கார். ஒரு பொங்கலுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு லீற்றராவது ஊற்றவேண்டி வரும். அந்த வருடம் வைகாசியில் மாற்றியபின் ஆவணி வந்தும் ஒரு துளி குறையவில்லை. சந்தோஷத்தில் எனக்கு நிலைகொள்ளவில்லை. சந்தியில் எல்லோரிடமும் சொன்னேன், கிழவனுக்கு வாலிபம் திரும்பிவிட்டது என்று. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என்னுடையது மூன்று மாதம் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜெயபுரத்துப் பெண்ணை ஏற்றி மாங்குளம் போகும் வழியில் இந்தப் பெருமையை அவரிடமும் அவிழ்த்தேன். வழக்கமாக ஏதாவது பகிடி விடுபவர், எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்தார். மாங்குளத்தில் நான் தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்போது இறங்கி வந்து, எண்ணெய் அளக்கும் கம்பியை ஒருக்கால் இழுத்துக் காட்டும்படி கேட்டார். வருத்தக்காரி பேசாமல் இருந்து வரக்கூடாதா என்று மனதுக்குள் திட்டினேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் கம்பி நுனியை விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"குறையாததுதான் பிழை அண்ணை," என்றார். "இத்தனை வருசம் குடிச்ச கார் திடீரெண்டு குடியை விட்டிட்டுதோ? மட்டம் கோட்டுக்கு மேலை ஏறி நிக்குது. எண்ணெய்க்குள்ளை டீசல் இறங்குது."

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தெட்டு வருடம் ஸ்ரியரிங் பிடித்தவன் நான். கம்பியைப் பறித்து நானும் மணந்து பார்த்தேன். டீசல்தான், மறைக்க முடியாத மணம். விரலில் தண்ணீர் போல வழுக்கியது. கார் தான் குடித்த எண்ணெயின் அளவுக்கு மேலேயே டீசலை எண்ணெய்க்குள் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதை வாலிபம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

வவுனியாவுக்கு இன்னும் பாதித் தூரத்துக்கு மேல் இருந்தது. மெதுவாகப் போய்விடலாம் என்றேன், பயத்தில். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த எண்ணெயோடு ஓடினால் எஞ்சின் இறுகும், பிறகு அடுத்த செவ்வாய்க்கு யார் ஏற்றிப் போவது என்று கேட்டார். வீங்கிய காலோடு பஸ் தரிப்புக்கு நடந்தார். வவுனியா பஸ் வந்தது. ஏறி, ஜன்னலால் கை காட்டி, என்னைக் கராஜுக்குப் போகச் சொன்னார்.

கராஜ்காரர் எஞ்சினைத் திறந்து பார்த்தார். எஞ்சினுக்குள் டீசல் பீச்சும் இன்ஜெக்டர் ஒன்று ஒழுகியிருந்தது. இன்னும் இரண்டொரு பயணம் தாங்கியிருக்காது என்றார். கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன், அன்றைக்கு எனக்கு மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

இன்ஜெக்டரையும் எண்ணெயையும் மாற்றிக்கொண்டு, பின்னேரம் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினேன். களைத்து வெளுத்த முகத்தோடு வந்து ஏறியவரின் முதல் கேள்வி, எண்ணெய் மாற்றியாயிற்றா என்பது. மாற்றியாயிற்று என்றேன். அடுத்தது ஆயுதபூசைக்குத்தானே என்று வாய் தவறிக் கேட்டும் விட்டேன்.

"எனக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் இரத்தம் சுத்தப்படுத்துகினம்," என்றார் கண்ணை மூடியபடி. "நல்ல நாள் பாத்தோ செய்யினம்?"

வற்றாப்பளை அம்மன் மேல் எனக்குள்ள பக்தி இன்றும் குறையவில்லை. ஆனால் அம்மனுக்கு என் கார் எவ்வளவு ஓடியது என்ற கணக்குப் பார்க்கும் வேலை இல்லை என்பது அன்றுதான் விளங்கியது.

திரும்பும் வழியில் முறிகண்டி வருமுன் அவரே கணக்கைச் சொன்னார். போகவர ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர். வயதான எஞ்சின், கிரவல் மண் றோட்டு, சோளகக் காற்று கிளப்பும் தூசி. எண்ணெயை ஐயாயிரத்துக்கு மேல் விடக்கூடாது. சந்தியில் ஓடும் சின்ன ஹயருக்கு ஆயிரம் கழித்தால் இருபது பயணம். ஒவ்வொரு தவணையிலும் தன் எடையை எழுதி வைக்கும் கொப்பியை எடுத்து, வரப்போகும் வரிகளுக்கு இலக்கம் போட்டு, ஒவ்வொரு இருபதுக்கும் ஒரு வட்டம் வரைந்தார். மீற்றர் இல்லாத என் காருக்கு அன்றிலிருந்து அந்தக் கொப்பிதான் மீற்றர்.

எத்தனை வட்டம் போட்டார் என்று அன்று நான் கவனிக்கவில்லை. வேறொரு நாள், அவர் உள்ளே மெஷினில் படுத்திருந்தபோது, கார் சீற்றில் கிடந்த கொப்பியைப் புரட்டினேன். வட்டங்கள் கடைசிப் பக்கம் வரைக்கும் இருந்தன. இன்னும் எடை எழுதாத வெறும் வரிகள், வருடக் கணக்கில். அடுத்த மாதத்தைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை பேசாத மனுசி. கொப்பியை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

போன மாதம் கடைசி வட்டமும் வந்தது. எண்ணெய் மாற்றினேன். அவர் கொப்பியை மூடி என்னிடம் தந்தார்.

"புதுசு வாங்கேக்கை தடிச்சதாப் பாத்து வாங்குங்கோ அண்ணை. காருக்கும் எனக்கும் கனகாலத்துக்குக் காணவேணும்."

மல்லாவிக் கடையில் இருந்தவற்றில் மிகத் தடித்த கொப்பியை வாங்கிக்கொண்டு செவ்வாய் விடிய ஜெயபுரம் போனேன்.