வெள்ளி பின்னேரம் பாதியில நிண்ட போர்வை

தெற்கு லண்டனிலேயே என்னை மாதிரிக் கம்பளி பின்னுற ஆம்பிளை ஒருத்தனும் இல்லை. சரி, பொய். நான் பின்னினதே ஒரு துண்டுதான். சதுரமா வரவேண்டியது, ஒரு பக்கம் அகண்டு மற்றப் பக்கம் ஒடுங்கி, கோவணம் மாதிரி வந்தது.

எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இப்ப வான் ஓட்டி வீடு வீடாப் பார்சல் குடுக்கிற வேலை. ஸ்ட்ரெதம் பக்கம் ஒரு யூதக் கோயில் மண்டபத்துக்கு நூல் பெட்டி கொண்டுபோனன். மழைக்கு ஒதுங்கி நிண்டவன்ர கையில ரெண்டு ஊசியைத் திணிச்சுப்போட்டா அங்க பின்னல் கூட்டம் நடத்திற அம்மா. அவாவுக்கும் என்ர வயசுதான் இருக்கும். நான் அக்கா எண்டுதான் கூப்பிடுறது. அர்த்தம் கேக்காமலே திரும்பிப் பாப்பா.

அங்க ஆளுக்கொரு சதுரம் பின்னி, இணைச்சு, அகதிப் பிள்ளையளுக்குப் போர்வை குடுக்கினம். ஒவ்வொரு போர்வைக்கும் எம்.பி.க்கு ஒரு கடிதம் போகும்.

"குளிரவிட்டது ஆர் எண்டு கேக்காட்டி நாங்கள் வெறும் போர்வைக் கடை" எண்டா அக்கா. "அந்நியரா இருந்ததை மறக்காதே எண்டு எங்கட வேதம் திருப்பித் திருப்பிச் சொல்லுது."

"எனக்கு வேதம் சொல்லத் தேவையில்லை. நான் இங்க வந்து இறங்கேக்க போட்டிருந்தது அரைக்கைச் சேட்டு."

"அப்ப வாயை மூடிக்கொண்டு பின்னும்."

இந்தக் கிழமை ஒரு ஹோட்டலில வைச்சிருக்கிற அகதித் தாய்க்குப் பிள்ளை பிறந்து ஒம்பது நாள். சனி காலமை அரசாங்கக்காரர் தாயையும் பிள்ளையையும் பஸ்சில வடக்கு இங்கிலாந்துக்கு அனுப்பப்போறாங்கள். வெள்ளி மூண்டு மணிக்குப் போர்வை ரெடி, என்ர கோவணத்தைத் தவிர. அக்கா அதை உருவி எறிஞ்சுபோட்டு, அந்த இடத்தில போர்வையோட சேத்தே தான் புதுசாப் பின்னத் தொடங்கினா. வெளியில இருட்டத் தொடங்க, பாதி வரியில ஊசியை மேசையில வைச்சுப்போட்டு எழும்பிட்டா.

"என்னக்கா, இன்னும் பத்து வரிதானே!"

"எங்கட ஓய்வுநாள் தொடங்கிட்டுது. பின்னுறதும் வேலைதான்."

"அப்ப நான் பின்னட்டோ?"

"உம்மை வேலை செய்யச் சொல்லவும் எனக்கு ஏலாது."

"செய்யாதை எண்டும் சொல்லேல்லையே?"

"வடக்கில இப்ப நல்ல குளிராம்" எண்டு ஜன்னலைப் பாத்துச் சொல்லிப்போட்டு, கும்பிட உள்ள போயிட்டா.

எனக்கு விசர் வராத குறை. செய் எண்டும் இல்லை, விடு எண்டும் இல்லை. போன் எடுத்துக் கேப்பம் எண்டா, நாளைக்குப் பொழுதுபடும் மட்டும் போனையும் தொடமாட்டா. போர்வையைச் சுருட்டிக்கொண்டு நோர்பரியில இருக்கிற வீட்டுக்கு வந்தன்.

"சேட்டுப் பட்டன் தைக்க நான் வேணும், ஐயா போர்வை பின்னுறாராம்" எண்டு என்ர மனிசி சிரிச்சா. போனில வீடியோ பாத்துப் பாத்துப் பத்து வரி. நாலுதரம் உருவினன். கடைசி வரியை எப்பிடி முடிக்கிறது எண்டு வீடியோவில காட்டின பிள்ளை அவ்வளவு கெதியாக் காட்டினாள், நான் விளங்காமல் ஒரு முடிச்சுப் போட்டன். பிறகு அதுக்கு மேல இன்னொண்டு.

இப்ப சனி காலமை. ஹோட்டல் வாசலில வானுக்குள்ள இருந்துதான் போனில இதை எழுதுறன். போர்வை மடியில கிடக்கு. அந்தப் பச்சைப்பிள்ளை ஒருக்கால் காலை உதைச்சா முழுக்கக் கழண்டு வந்திடுமோ எண்டு பயம், அதுதான் இன்னும் இறங்கேல்லை. நான் வெளிக்கிடேக்க மனிசி ஒரு கதை சொன்னவா, முடிச்சைத் தடவிப் பாத்துப்போட்டு, இது கழண்டுவராது, ஆனா வடக்க ஆரும் கேட்டா ஆர் பின்னினது எண்டு மட்டும்

கண்ணாடியில தட்டுற சத்தம். அக்கா! ஓய்வுநாளில கார், பஸ் ஏறமாட்டா, அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறா. வெறுங்கை. தெருவில சாமான் தூக்கவும் கூடாதாம்.

"உள்ள இருந்து என்ன எழுதுறீர்? தாய் பஸ்சில ஏறுறா! எனக்குத் தூக்க ஏலாது எண்டு தெரியும்தானே, இறங்கும் மனிசா!"

இருங்கோ, வாறன்