சிவப்புக் காருக்கு ஹெட்டர் பார்த்த கதை

நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் அந்தச் சிவப்புக் கார்தான். இப்போதும் எங்காவது அந்த மாதிரிக் காரைப் பார்த்தால் ஆசையாக நின்றுவிடுகிறேன். பாகாலாவில் எங்கள் வீட்டிலிருந்து திருப்பதிக்குத் தினமும் அதில்தான் வேலைக்குப் போவார். சும்மா போனால் போதாதா? வண்டி இன்னும் நன்றாக இழுக்க வேண்டுமாம். இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வார்ப்பிரும்புத் துண்டைக் கழற்றிவிட்டு, ஹெட்டர் என்கிற குழாய்க் கூட்டத்தை மாட்டலாம் என்று மாமா ஏற்றிவிட்டிருந்தார். மாமா, அம்மாவின் தம்பி. சித்தூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார்.

எந்த ஹெட்டர் என்பதில்தான் சண்டை. நாலு குழாயும் நேராக ஒரே குழாயில் போய்ச் சேருவது ஒரு வகை. வேகம் ஏறினால்தான் அதற்கு உயிர் வரும், சத்தமும் காதைக் கிழிக்கும். நாலும் முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாவது இன்னொரு வகை. அது ஊருக்குள் மெதுவாகப் போகும்போதே நன்றாக இழுக்கும்.

"நான் இன்னா ரேஸுக்கா போறேன்? பஸ்ஸு பின்னாடி ஊர்ந்துகினு போறவனுக்கு ரெண்டாவதே போதும்டா" என்பார் நைனா.

"அப்போ ஆட்டோ வாங்கிக்கோ மாமா" என்பார் மாமா.

நான் மாமா கட்சி. அந்த வயதில் எனக்குச் சத்தம்தான் வேகம்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "எத்த வேணா மாட்டிக்குங்க. வண்டியில போய்க்கினு இருக்கசொல்லோ நாம பேசறது கேக்கணும். கேக்கலன்னா கழட்டிப் போட்டுடணும்." கொஞ்ச நாளாகவே நைனா ஒன்று கேட்டால் அவள் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், "உங்க வண்டி சத்தத்துல இன்னா கேக்குது?" என்று பழியைக் காரின் மேல் போட்டுவிடுவாள். நைனாவும் நம்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா முதல் வகையை மாட்டிக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அடேயப்பா! எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுக்கப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் "ஏமி கோலரா இதி!" என்னடா இரைச்சல் இது என்று தெலுங்கில் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். அம்மாவிடம் இன்று தொலைந்தோம் என்று நைனாவுக்கு முகமே வெளுத்துவிட்டது.

அம்மா வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மாமா ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தார். அவள் திரும்பவில்லை. "அக்கா! எப்டி கீது?" என்று கத்தினார். ம்ஹூம். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து நைனா போய்த் தோளைத் தொட்டார். திரும்பி, காரைப் பார்த்தாள்.

"அட, வண்டி எப்போ வந்துச்சி?"

இப்படியொரு கிண்டலா! மாமாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அம்மாவும் சிரித்தாள், மறுபடி கடலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நைனா மட்டும் சிரிக்கவில்லை. கையைக் காட்டி இஞ்சினை நிறுத்தச் சொன்னார். தெரு அடங்கியதும், அவள் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்னொரு முறை கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டார். அவள் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் சிரிப்பும் நின்றுபோனது.

அம்மா சத்தத்தைத் திட்டவே இல்லை, எனக்கோ ஜெயித்துவிட்ட கொண்டாட்டம். நைனாவுக்குக் கண் கலங்கியிருந்தது. தோற்றவர் வேறு எப்படி இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் அம்மாவை அந்தக் காரிலேயே ஏற்றிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஆஸ்பத்திரி என்றதை நான் நம்பவே இல்லை. அம்மாவுக்குத்தான் காய்ச்சலே இல்லையே! வேலூரில் இதைவிடச் சத்தமான ஹெட்டர் வாங்கத்தான் போகிறார்கள் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன்.